கைலியும் ரயில்வே கட்டடமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் எழுதியிருந்தீர்கள். கோலாலம்பூரின் சுதந்திரச் சதுக்கமான டத்தாரான் மெர்டேக்காவுக்கு நாலே வரி, அதிலும் ஒரு பிழை: சுதந்திரப் பிரகடனம் அங்கே வாசிக்கப்பட்டதாம். 1957 ஆகஸ்டு 31 காலையில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தது மெர்டேக்கா விளையாட்டரங்கில். டத்தாரானில் நடந்தது அதற்கு முந்திய நள்ளிரவுக் கொடியிறக்கம். என் அப்பா செந்தூலிலிருந்து நடந்தே போய் அந்தக் கூட்டத்தில் நின்றவர். பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் இறங்கும்போது பக்கத்தில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதாராம். சந்தோஷமா துக்கமா என்று கேட்கத் தோன்றவில்லை என்பார். கடைசிவரை அவருக்கு டத்தாரான் பழைய பெயரில் ‘பாடாங்’தான், அதாவது திடல்.

சரி, அது போகட்டும். 95 மீட்டர் கொடிக்கம்பத்தின் கீழே படம் எடுத்துக்கொண்டு, சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்கிறீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த வெயிலில் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் துவண்டுவிடும். சாலையைக் கடந்தால் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. செங்கல் சிவப்பும் சாந்து வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடும் அந்தக் கட்டடம் 1905இல் ரயில்வே தலைமையகமாக எழுந்தது. நம்மவர்கள் காட்டை வெட்டிப் போட்ட தண்டவாளங்களுக்கு உத்தரவு பிறந்த இடம். நானும் ரயில்வேயில் இருந்தவன், உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பேத்தி சொங்கெட் என்ற மலாய்ப் பட்டுத் துணிமுன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். தறியிலேயே ஜரிகை கோத்து நெய்தது என்றதும், “அம்மாவின் கூறைப்புடவை மாதிரியா தாத்தா?” என்றாள். அப்புறம், “உங்க கைலி எந்த ஊரு?” என்று அடுத்த கேள்வி. மலாய்க்காரர்கள் அதை ‘காயின் பெலிக்காட்’ என்பார்கள். பெலிக்காட் வேறு எதுவுமில்லை, சென்னைக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடு. அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிக்கு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. அவள் நம்பவில்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, ஊரை விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் தலையாட்டினாள்.

பக்கத்திலேயே இசை அருங்காட்சியகம், 1909இல் சார்ட்டர்ட் வங்கிக்காகக் கட்டிய கட்டடத்தில். அரை மணி நேரம் போதும்.

தீபாவளிக்குத் துணி எடுக்க மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவுக்கு வருகிறவர்களுக்கு ஆற்றைத் தாண்டினால் டத்தாரான். ஆனால் தாண்டுகிறவர்கள் குறைவு. ஆகவே ஒரு வேண்டுகோள். மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் தொடங்கி, எந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது என்று தமிழில் ஒரு பக்க நடை வரைபடம் போடுங்கள், வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற அளவில். கழிவறை எங்கே என்பதையும் குறித்துவிட்டால் என் போன்ற கிழவர்களுக்குப் பேருதவி.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்