சி99 ஃபிளாக்கை உங்கள் மேக்ஃபைலிலேயே திருத்தித் தாருங்கள்

அனுப்புநர்: சத்துவாச்சாரி, வேலூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை

ஐயா,

வணக்கம். உங்களிடம் காசு கொடுத்து வாங்கிய சீரியல் போர்ட் லைப்ரரியை வைத்து ராணிப்பேட்டையில் ஒரு டேனரிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தோல் அளக்கும் மெஷின் காட்டும் சதுர அடியை அது நேராகக் கணக்கில் ஏற்றும். போன வாரம் லினக்ஸ் சர்வரை மாற்றி ஜிசிசி 14 கம்பைலரைப் போட்டோம். அன்றிலிருந்து உங்கள் லைப்ரரி பில்டு ஆகவில்லை. ஸ்டிஆர்டப் (strdup, எழுத்துத் தொடரை நகலெடுப்பது), சிஎஃப்மேக்ரா (cfmakeraw, போர்ட்டை ரா மோடுக்கு மாற்றுவது) என்ற இரண்டு ஃபங்ஷன்களுக்கும் டிக்ளரேஷன் (முன்னறிவிப்பு) இல்லை என்று கம்பைலர் நின்றுவிடுகிறது.

“பழைய கம்பைலருக்கே போங்க சார், அதில் வெறும் வார்னிங்தான் வரும்” என்றார் உங்கள் சப்போர்ட்டில் பேசியவர். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் மேக்ஃபைலில் (பில்டு செய்யும் கட்டளைகள் உள்ள ஃபைல்) எஸ்டிடி=சி99 என்று ஒரு ஃபிளாக் இருக்கிறது; சி மொழியின் 1999 தரப்படி கம்பைல் செய் என்று பொருள். அப்படிக் கொடுத்தால் லினக்ஸ் ஹெடர்கள் (டிக்ளரேஷன்கள் உள்ள ஃபைல்கள்) சி99 தரத்தில் இல்லாத ஃபங்ஷன்களை மறைத்துவிடும். ஸ்டிஆர்டப் போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரத்தைச் சேர்ந்தது, அதனால் மறைந்துபோகிறது. பழைய ஜிசிசி ஒரு வார்னிங் கொடுத்துவிட்டு, அது இன்ட் (4 பைட் முழு எண்) தரும் என்று தானாக எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் தரும் 8 பைட் மெமரி முகவரி 4 பைட்டாக வெட்டுப்படும்.

போர்ட் அறுந்து மறுபடி சேரும்போது மட்டும்தான் உங்கள் கோடில் ஸ்டிஆர்டப் உள்ள வரி ஓடுகிறது. பழைய சர்வரில் புரோகிராம் அப்போதெல்லாம் விழுந்தது. நான் கேபிளைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை மாற்றினேன். டேனரி கணக்குப்பிள்ளை பாவம், தோலின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதிய சதுர அடியை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து நோட்டில் ஏற்றினார். கடைசியில் ஜிடிபியில் (பிழை தேடும் கருவி) பார்த்தால், முகவரியின் மேல் பாதி முழுக்க எஃப், எஃப், எஃப்; அதாவது வெட்டுப்பட்ட முகவரி.

அப்புறம், போசிக்ஸ் ஃபங்ஷன்களைக் காட்டச் சொல்லும் போசிக்ஸ் சி சோர்ஸ் மேக்ரோவை 200809 என்று சேர்க்கச் சொன்னீர்கள். சேர்த்தேன். ஸ்டிஆர்டப் வந்தது. சிஎஃப்மேக்ரா போசிக்ஸில் இல்லாததால் அது வரவில்லை. அதோடு, அதுவரை ஒழுங்காக பில்டு ஆன எங்கள் ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) பேக்கப் மெஷினிலும் சிஎஃப்மேக்ரா மறைந்து பில்டு நின்றுவிட்டது.

அந்த மேக்ரோவை எடுத்துவிட்டு எஸ்டிடி=ஜிஎன்யு99 (சி99-ஓடு மறைந்த ஃபங்ஷன்களையும் காட்டுவது) என்று மாற்றினேன். இரண்டு மெஷினிலும் பில்டு ஆகிறது. ஆனால் நான் கையால் மாற்றியது உங்கள் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். ஆகவே நீங்களே திருத்தி, இரண்டிலும் ஓட்டிப் பார்த்து, புது ரிலீஸை பத்து நாளுக்குள் அனுப்புங்கள். பழைய கம்பைலருக்குப் போகச் சொல்வதையும் நிறுத்துங்கள். மற்ற வாடிக்கையாளர்களிடமும் இதே புரோகிராம் விழுந்துகொண்டிருக்கும்.

பில்டு லாக் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்