வேர் தின்னும் புழு

கேன்டர்பரி, நியூசிலாந்து
மே 18

அன்புள்ள செல்வம்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று எழுதியிருந்தாய். படித்ததும் மனது லேசானது. பதில் தாமதமாகிவிட்டது. இரண்டு வாரமாக ஒரு புழுவின் பின்னால் அலைகிறேன்.

மூன்று வருடம் முன்பு புதிதாக விதைத்த மேய்ச்சல் நிலம் ஒன்று திட்டுத்திட்டாக மஞ்சளித்துக் கிடந்தது. குனிந்து ஒரு கைப்பிடி புல்லை இழுத்தேன். பாயைச் சுருட்டினாற்போல் தரையே உரிந்து வந்தது. அடியில் வேர் என்று ஒன்றுமே இல்லை. ஒரு மண்வெட்டி மண்ணில் 14 புழு எண்ணினேன். வெளுத்த உடம்பு, தேன் நிறத் தலை, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். நம்மூர் நிலக்கடலை வேர்ப்புழுவின் பங்காளிதான். இங்கே கிராஸ் கிரப் என்கிறார்கள். வசந்தம் வந்தால் பழுப்பு வண்டாகி, அந்தியில் கூட்டமாகப் பறக்கும்.

எங்கிருந்தோ வந்த பூச்சி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, அது இந்த மண்ணிலேயே பிறந்தது. மாடு மேய விதைக்கிற ரைகிராஸ் புல்லும் வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடியும்தான் ஐரோப்பியர் கொண்டுவந்தவை. புழுவின் வாசலிலேயே விருந்து வைத்தது நாம். 1950களில் அதைக் கொல்ல டிடிடி பூச்சிமருந்தைக் கொட்டித் தீர்த்தார்கள். அந்த மருந்தின் எச்சம் இன்னும் இங்கே மண்ணில் இருப்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அந்த 14-இல் இரண்டு மட்டும் வேறு மாதிரி இருந்தன. வெயிலில் பிடித்துப் பார்த்தேன்: குடலில் மண்ணே இல்லை, உடம்பு முழுக்கக் கண்ணாடிபோல மஞ்சள். செராட்டியா என்டமோஃபிலா என்ற பாக்டீரியா செய்கிற வேலை அது. தொற்றிய சில நாளில் புழு தின்பதை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் மெலிந்து சாகும். செத்த பிறகும் மண்ணில் நோயை விட்டுப் போகும். இந்த கேன்டர்பரி மண்ணில் கண்டெடுத்த அந்தப் பாக்டீரியாவையே பிறகு மருந்தாக்கி விற்றார்கள்.

முதலாளி உழுது மறுபடி விதைக்கலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விதைத்த இரண்டிலிருந்து நாலு வருடத்தில்தான் புழு உச்சத்துக்கு ஏறும். அப்புறம் நோய் பரவித் தானாக இறங்கும். இப்போது உழுதால் நோயைக் கலைத்து, புழுவுக்குப் புது வேரும் கொடுத்ததாகிவிடும். பாதியையாவது விட்டுப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொன்னார்.

முதல் மழை முடிந்த ராத்திரி உங்கள் அப்பா வேப்பமரத்தை உலுக்கி வேர்ப்புழு வண்டு பிடிப்பாரே, இப்போதும் செய்கிறாரா? எத்தனை நாள் தொடர்ந்து பிடிப்பார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
ரவி