விளக்கொளி மீன்பிடிப்பு: எல்லாம் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான விளக்கொளி மீன்பிடிப்பு பற்றிய கட்டுரையில், இந்தியக் கடற்பகுதியில் தடைசெய்யப்பட்டுள்ள எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்பும், அமெரிக்க ஏரிகளில் கிராப்பி மீனுக்காக இரவில் நீருக்குள் விளக்கை இறக்கித் தூண்டில் போடுவதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்களாகக் காட்டப்பட்டிருந்தன. டெக்சஸ் மாநிலத்தில் வசிப்பவன், கோடை இரவுகளில் ஃபோர்க் ஏரிக்குத் தூண்டிலோடு போய்வருபவன் என்ற முறையில், அந்த ஒப்பீடு பொருந்தாது என்று கருதுகிறேன்.

கிராப்பி வட அமெரிக்க நன்னீர் மீன். வெள்ளை, கருப்பு என அதில் இரண்டு இனங்கள் உண்டு. கோடையில் ஏரியின் அடிநீரில் உயிர்வளி குறைந்துவிடுவதால், இம்மீன்கள் அதற்கு மேலுள்ள நீர்மட்டத்தில் பாலத் தூண்களையும் மூழ்கிய மரங்களையும் ஒட்டிக் கூட்டமாக நிற்கும். படகைத் தூணருகே கட்டிவிட்டு, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் எரியும் பச்சை விளக்கைச் சில அடி ஆழத்தில் இறக்கினால், முதலில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் ஒளியை நாடி வருகின்றன. அவற்றைத் தின்ன ஷாட் எனப்படும் வெள்ளிநிறச் சிறுமீன்கள் வந்து விளக்கைச் சுற்றத் தொடங்குகின்றன. அந்தச் சிறுமீன்களுக்காகவே கிராப்பி வருகிறது. அதுவும் வெளிச்சத்துக்குள் வந்து நிற்பதில்லை; ஒளிவட்டத்தின் விளிம்பிலும் அதற்குக் கீழே இருட்டிலும்தான் காத்திருக்கும். ஆகவே விளக்கு செய்வதெல்லாம் இரையைத் திரட்டுவது மட்டுமே. கரையிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்கள் நினைப்பதுபோல் அது மீனைக் குருடாக்கிப் பிடித்துக் கொடுப்பதில்லை.

அதன் பிறகும் ஒவ்வொரு மீனையும் ஒற்றை முள்ளில்தான் பிடித்தாக வேண்டும். கிராப்பி பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கி இரையெடுக்கும் மீன் என்பதால், அது கடிக்கும்போது பல நேரங்களில் தக்கை அமிழ்வதில்லை. தூண்டில் நரம்பு தளர்ந்து, நிமிர்ந்து நின்ற தக்கை தண்ணீர்மேல் பக்கவாட்டில் படுத்துவிடுகிறது. அதைக் கவனிக்காதவர் இரையைப் பறிகொடுப்பார். கவனித்துவிட்டு வேகமாகச் சுண்டி இழுப்பவரோ மீனையே இழப்பார், ஏனெனில் அதன் வாயோரச் சவ்வு அவ்வளவு மெல்லியது.

இதற்கு மேல் சட்டத்தின் கட்டுப்பாடும் இருக்கிறது. டெக்சஸில் கிராப்பியைத் தூண்டிலால் மட்டுமே பிடிக்கலாம், வலைக்கு இடமில்லை. பொது விதிப்படி, ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு இனங்களும் சேர்த்து 25 மீன்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 10 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஆனால் ஃபோர்க் ஏரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை இதற்கு நேர்மாறான விதி நடைமுறையில் உள்ளது: அளவு வரம்பு கிடையாது, பிடித்த கிராப்பி எதையும் திரும்ப விடவும் கூடாது. குளிர்காலத்தில் ஆழத்தில் கிடக்கும் மீனைச் சட்டென்று மேலே இழுக்கும்போது அழுத்தம் குறைந்து அதன் காற்றுப்பை உப்பிவிடுகிறது. சிறியது என்று கருணை காட்டித் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது அரிது. நீந்த முடியாத மீனை விடுவதாகச் சொல்லிக்கொள்வதைவிட எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வதே நேர்மை என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தமானது.

இனி நம் கடலுக்கு வருவோம். 2017 நவம்பரில் மத்திய அரசு எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்பைத் தடைசெய்ததில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அத்தடை கடுமையாக நிறைவேற்றப்பட வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அங்கே ஜெனரேட்டர் வைத்து எரிக்கும் பெருவிளக்குகளால் மீன் கூட்டத்தை ஓரிடத்தில் திரட்டி, சுருக்குமடி வலையால் வளைத்து, குஞ்சும் சினைமீனும் சேர அள்ளிவிடுகிறார்கள். எடுக்கும் மீனுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. சிறு படகிலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் மறுநாள் வெறுங்கையோடு திரும்புவதற்கு விளக்கோடு சேர்ந்த அந்த வலையும் வரம்பின்மையுமே காரணம். கட்டுரையாளரோ விளக்கைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு வலையை ஒரு வரியில் கடந்துவிட்டார். இனி இப்பொருள் குறித்து எழுதும்போது விளக்கின் திறன், பயன்படும் வலை அல்லது தூண்டில், எடுக்க அனுமதிக்கப்படும் அளவு ஆகியவற்றையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையைப் படித்துவிட்டு, பிள்ளைகளைப் பார்க்க இங்கு வரும் பெற்றோர் சிலர் ஆர்வம் கொள்ளக்கூடும் என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் வந்தவரும் டெக்சஸில் நிலையாக வசிக்காதவர்க்கான மீன்பிடி உரிமம் பெற்றே தூண்டில் போட வேண்டும்; ஒரு நாளுக்கான உரிமமும் கிடைக்கிறது. அடுத்து, நீருக்குள் எரியும் பச்சை விளக்கு தொலைவில் வரும் படகுக்குச் சரியாகத் தெரியாது. நங்கூரமிட்ட படகில் எத்திசையிலிருந்தும் தெரியும் வெள்ளை விளக்கு இரவில் எரிந்தாக வேண்டும் என்பது விதி. பூச்சி மொய்க்கிறது என்று அதை அணைத்துவிடுபவர்களை இங்கே அடிக்கடி பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
டாலஸ், டெக்சஸ்