வங்கக் கடல் நாடுகளின் மாணவர்களுக்கு வடசென்னையில் 20 இடங்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள், இந்திய கலாசார உறவுகள் கவுன்சிலின் சென்னை மண்டல அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

வங்காளதேசம், மியான்மர், இலங்கை, தாய்லாந்து, நேபாளம், பூடான் ஆகிய ஆறு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் 20 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, வடசென்னையிலும் அதை ஒட்டிய பகுதியிலும் உள்ள அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு படிக்க முழு உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்றை உங்கள் இரு அலுவலகங்களும் சேர்ந்து வகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நான் இப்பகுதி அரசுக் கல்லூரிகளில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தூதரகப் பணி அறியாதவன். நாடுகளுக்கிடையிலான உறவைப் பற்றி இங்கே நான் சொல்வதெல்லாம் வகுப்பறையிலிருந்தும் விடுதி முற்றத்திலிருந்தும் பார்த்துச் சொல்வதே.

இந்தியாவோடு இந்த ஆறு நாடுகளும் சேர்ந்ததுதான், 1997ஆம் ஆண்டு பாங்காக்கில் தொடங்கி இன்று டாக்காவில் செயலகம் வைத்திருக்கும் பிம்ஸ்டெக் என்னும் வங்கக் கடல் நாடுகளின் கூட்டமைப்பு. (நேபாளத்துக்கும் பூடானுக்கும் கடல் இல்லை என்பதை என் பழைய மாணவர்கள் சுட்டிக்காட்டுவார்கள், அமைப்பு அவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது நாம் விலக்குவது முறையாகாது.) அயலுறவு ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது, கல்வியோ 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாணவரை அழைக்கும் அதிகாரம் ஓரிடத்திலும், அவருக்கு வகுப்பறையும் படுக்கையும் தரும் பொறுப்பு வேறோரிடத்திலும் இருப்பதால்தான் இம்மடலை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. மௌலானா ஆசாத் 1950இல் தொடங்கிய கவுன்சில் பல பத்தாண்டுகளாக வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. ஆகவே நான் கேட்பது புதுக் கருத்தன்று. ஏற்கெனவே இருக்கும் ஒரு வழக்கத்தை ஓர் ஊரோடும் அவ்வூரின் கல்லூரிகளோடும் பிணைத்துச் செய்து பாருங்கள் என்பதே வேண்டுகோள்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு சிறிது என்று நீங்கள் கேட்கக்கூடும். 2015இல் டெல்லியில் நடந்த இந்திய-ஆப்பிரிக்க உச்சி மாநாட்டில் ஐந்தாண்டுகளில் 50,000 உதவித்தொகைகள் என்று அறிவிக்கப்பட்டது. 2018இல் ஆசியான் நாடுகளின் மாணவர்கள் ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்டம் படிக்க 1,000 இடங்கள் அறிவிக்கப்பட்டன. பட்டுப்பாதைத் திட்டத்தில் சேரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 உதவித்தொகை என்று சீனா 2015இலேயே எழுதி வைத்துவிட்டது. அதே வேளையில், 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் படித்த வெளிநாட்டு மாணவர் மொத்தமே ஏறத்தாழ 47,000 பேர். அவர்களில் கால்பங்குக்கும் மேற்பட்டவர்கள் நேபாளிகள். பெரிய எண்கள் மாநாட்டு மேடைக்கு அழகு சேர்க்கும். ஆனால் ஒரு மாணவர் வந்திறங்கிய பிறகு அவரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அந்த எண்களில் விடை இல்லை.

உறவு உண்மையில் எப்படி உருவாகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று நம் நாட்டுக்கு வெளியே இருக்கிறது. 2018 முதல் பூடானின் பிரதமராக இருந்த லோட்டே செரிங், வங்காளதேசத்தின் மைமன்சிங் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அறுவை மருத்துவப் பயிற்சியும் டாக்காவிலேயே பெற்றவர். பிரதமரான மறு ஆண்டு வங்காளதேசத்துக்கு அரசுமுறைப் பயணம் வந்தபோது அவர் தம் பழைய கல்லூரிக்கும் சென்றார். மைமன்சிங் ஒரு தலைநகரமும் இல்லை, உலகத் தரவரிசைகளில் முன்னால் நிற்கும் கல்விக்கூடம் உள்ள ஊரும் இல்லை. அவரைச் சேர்த்துக்கொண்டபோது வருங்காலப் பிரதமர் ஒருவரை வளர்க்கிறோம் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆப்கானிஸ்தானின் அதிபராக இருந்த ஹமீத் கர்சாய் முதுநிலைப் பட்டம் பெற்றது சிம்லாவில். நேபாளத்தின் பிரதமராக இருந்த பாபுராம் பட்டராய் கொழும்புத் திட்ட உதவித்தொகையில் சண்டிகரில் கட்டடக்கலை படித்து, பிறகு டெல்லியில் முனைவர் பட்டம் பெற்றவர்.

பட்டராயைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். 1996இல் மாவோயிஸ்டுகளின் சார்பில் அவர் நேபாள அரசிடம் அளித்த 40 கோரிக்கைகளில், இந்தியாவுடனான 1950ஆம் ஆண்டு அமைதி, நட்புறவு ஒப்பந்தத்தை நீக்க வேண்டும் என்பதும் அடங்கும். நம்மிடம் படித்தவர் நமக்காகப் பேசுவார் என்று கணக்குப் போட்டுத் திட்டம் தீட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். நம்மை அறிந்த ஒருவர், நம் மொழியும் நம் கோபமும் நம் குறைகளும் தெரிந்த ஒருவர், எதிர்த்தரப்பு மேசையில் அமர்ந்திருப்பதே பெரும் நன்மை என்று எண்ணுபவர்கள் மட்டுமே இத்தகைய திட்டத்தைத் தொடங்கலாம். திட்டத்தின் நோக்கவுரையில் இது வெளிப்படையாகவே எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

வடசென்னை எதற்கு என்பதற்கு வருகிறேன். அயல்நாட்டார் வந்து தங்கிய இடம் என்பது இங்கே அருங்காட்சியகச் செய்தியாக முடிந்துவிடவில்லை. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் மதராசில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷமாவோனியான் வாழ்ந்த காலத்து ஆர்மீனியத் தேவாலயம் ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கிறது. 1962இல் பர்மாவில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது அங்கிருந்து திரும்பிய பர்மாத் தமிழர்கள் வியாசர்பாடியிலும் புழலிலும் குடியேறினார்கள். பர்மா பஜாரும் பாரிமுனை அருகே மாலையில் கிடைக்கும் அத்தோ என்ற நூடுல்ஸ் உணவும் அவர்கள் கொண்டுவந்தவை. யாங்கூனிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு இந்நகரில் தம் ஊர்ப் பேச்சு புரிந்த முதியவர் ஒருவர் கிடைப்பார் என்றால், அது இந்தப் பகுதியில்தான்.

அதைவிட முக்கியமானது, படிக்க வேண்டிய பொருள் இங்கே கண்முன் கிடக்கிறது. 2017 ஜனவரி 28ஆம் நாள் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை எண்ணூர்க் கரையில் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது படகுகளும் வலைகளும் பாழாயின. 2014 டிசம்பரில் சுந்தரவனத்தின் ஷேலா ஆற்றில் எண்ணெய்க் கப்பல் மூழ்கியபோது வங்காளதேசத்துக் கிராமத்தார் பானைகளாலும் வெறுங்கையாலும் அதே வேலையைத்தான் செய்தார்கள். 2021இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை இலங்கையின் மேற்குக் கரை முழுதும் ஒதுங்கியது. ஒரே கடலைச் சுற்றிலும் ஒரே வகை அழிவு நேர்கிறது. இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது, மீன்வளம் மீள எத்தனை பருவங்கள் ஆகும், துறைமுகம் எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்ற கேள்விகளும் ஒன்றே. வங்காளதேசத்தின் குல்னாவிலிருந்து ஒருவரும் காசிமேட்டிலிருந்து ஒருவரும் ஒரே நெறியாளரிடம் இதைப் பற்றி ஆய்வேடு எழுதுவார்களானால், பதினைந்து ஆண்டுகள் கழித்து இரு அரசுகளின் மீன்வளத் துறைகளில் அவர்கள் இருவரும் இருக்கக்கூடும்.

இதற்கான நிறுவனங்களும் இருக்கின்றன. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரத்தில் இருக்கிறது. மீன்வளக் கல்லூரி பொன்னேரியில் இருக்கிறது. வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. மருத்துவ மேற்படிப்புக்குத் தனி விதிகள் உள்ளதால் ஸ்டான்லியை முதல் கட்டத்தில் சேர்க்க வேண்டாம். இலங்கைக்குரிய இடங்கள் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் போய்விடாமல் காலி, மாத்தறை, நுவரெலியா மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும். மொழி எளிது என்பதற்காகத் தமிழ் பேசுவோரை மட்டும் எடுத்துக்கொண்டால் திட்டத்தின் பயன் பாதியாகிவிடும்.

தங்குமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் இத்தகைய திட்டங்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். வியாசர்பாடிக் கல்லூரிக்குப் பெயர் தந்தவர் 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் உதவித்தொகையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். மன்னர் அளித்த அந்தத் தொகை இந்திய வரலாற்றையே மாற்றியது. ஆனால் 1917இல் ஒப்பந்தப்படி பணியாற்றப் பரோடா திரும்பிய அம்பேத்கருக்கு அந்நகரில் ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்த அவர் சாதி தெரிந்ததும் வெளியேற்றப்பட்டார். படிக்கப் பணம் கொடுத்த அரசு படுக்க இடம் கொடுக்கத் தவறியது. இன்று நம் நகரத்தில் ஓர் ஆப்பிரிக்க மாணவரோ வடகிழக்கு மாநில மாணவரோ வாடகைக்கு வீடு தேடும்போது கேட்க நேரும் கேள்விகளை நீங்கள் அறிவீர்கள். எனவே வாடகைப் படியாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பும் முறை இத்திட்டத்தில் கூடாது. உள்ளூர் மாணவர்களும் சேர்ந்து வாழும் அரசு விடுதி ஒன்றில் ஆளுக்கோர் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். வெளிநாட்டினருக்கென்று தனி விடுதி கட்டினால், இரண்டாண்டு முடிவில் அவர்கள் தங்களுக்குள் மட்டுமே நண்பர்களாகித் திரும்புவார்கள்.

பணம் மாதத்தின் முதல் வாரத்தில் வந்தாக வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர் இங்கே வேலை செய்து சம்பாதிக்க இயலாது. அவருக்குரிய ஒரு மாதத் தொகையை நாம் தாமதித்தால் அவர் உணவகக் கணக்கைத்தான் தாமதிக்க முடியும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்குக் கல்லூரியின் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். வங்கிக் கணக்குக்கும் இவையே வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென ஓர் அலுவலர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். வேறு பணிகளுக்கிடையே இதையும் பார்க்கும் எழுத்தர் போதாது.

நெருக்கடிக் காலத்துக்கான விதி ஒன்றும் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தது. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறி, இரு நாட்டு உறவும் கசந்தது. நான்கும் நான்காண்டுக்குள் நிகழ்ந்தவை. சேர்ந்துவிட்ட மாணவரின் தொகையும் விசா நீட்டிப்பும் அவர் நாட்டு அரசோடு நமக்குள்ள உறவு எந்நிலைக்குப் போனாலும் படிப்பு முடியும் வரை தொடரும் என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். உறவு சீராக இருக்கும்போது மட்டும் கிடைக்கும் உதவியை எந்தப் பெற்றோரும் நம்பிப் பிள்ளையை அனுப்ப மாட்டார்.

‘நம் பிள்ளைகளுக்கே இடமில்லை’ என்ற குரல் எழும். அது நியாயமான குரல். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 25 விழுக்காடு வரை வெளிநாட்டு மாணவர்களுக்கெனக் கூடுதல் இடங்களை உருவாக்கிக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிவகுத்திருப்பதால், இங்குள்ள எவரும் இடம் இழக்க வேண்டியதில்லை. அதோடு, வடசென்னைக் கல்லூரிகளில் முதுநிலை படிக்கும் ஐந்து மாணவர்களாவது ஆண்டுதோறும் ஒரு பருவம் டாக்காவிலோ பாங்காக்கிலோ பேராதனையிலோ படிக்கச் செல்லும் ஏற்பாடும் திட்டத்தில் இருக்க வேண்டும். செலவைப் பற்றி என் கணக்கு இது: மாதம் 25,000 ரூபாய் வாழ்க்கைச் செலவு, கட்டணம், விடுதி, மருத்துவக் காப்பீடு, பயணம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம், இரண்டு ஆண்டு மாணவர்களும் சேர்ந்து 40 பேர் இருக்கும்போது ஆண்டுக்கு 2 கோடி ரூபாய். நம் மாணவர்களை அனுப்பும் செலவு இதற்கு மேல்.

தேர்வை அந்தந்த நாட்டுக் கல்வியாளர்களும் நம்மவர்களும் சம எண்ணிக்கையில் அமர்ந்து செய்ய வேண்டும். 1950இல் நேரு காலத்தில் அமெரிக்காவுடன் கையெழுத்தான ஃபுல்பிரைட் உதவித்தொகை ஒப்பந்தம் இரு நாட்டார் சேர்ந்த குழுவிடம்தான் பொறுப்பைக் கொடுத்தது. 2008 முதல் இந்தியாவும் சமபங்கு செலவை ஏற்று அது ஃபுல்பிரைட்-நேரு திட்டமாயிற்று. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கிறது. படித்து முடித்தவர் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இரண்டாவது நிபந்தனை நமக்கும் பொருந்தும். முதலாவது வேண்டாம்; பட்டம் முடித்துவிட்டுக் குடும்பச் சூழலால் நின்றுபோகும் நிலையில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

கடைசியாக நாட்காட்டி. நம் அரசுக் கல்லூரிகளில் முதுநிலைச் சேர்க்கை கோடை கழிந்த பிறகே சூடு பிடிக்கிறது. அதன் பிறகு விசாவுக்கும் பட்டம் இணையானது என்ற சான்றுக்கும் அலைந்து ஒரு மாணவர் வந்து சேர்வதற்குள் முதல் பருவத்தில் பாதி போய்விடும். ஆகவே இத்திட்டத்துக்கு மட்டும் அழைப்பு டிசம்பரில் வெளிவந்து, மார்ச்சில் தேர்வு முடிந்து, விடுதி அறை எண்ணோடு கூடிய சேர்க்கை ஆணை மே மாதத்துக்குள் மாணவர் கையில் இருக்க வேண்டும். வரைவுத் திட்டத்தை இறுதி செய்யும் முன் மேற்சொன்ன கல்லூரிகளின் ஆசிரியர்களையும் விடுதிக் காப்பாளர்களையும் ஒருமுறை அழைத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரிப் பேராசிரியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.