சின்னவனை முதல் கட்டத்தில் சேர்த்துக்கொள்

பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய திட்ட வரைவை அச்செடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு முழுதும் படித்தேன். கற்றல் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு மெய்நிகர் கருவியில் பஸ் ஏறவும் கடையில் சாமான் வாங்கவும் பழக்கிக் கொடுப்பது நல்ல காரியம். அம்மாவிடமும் சொன்னேன். "அதைத் தலையில மாட்டிக்கிட்டு எப்படி ரோட்டுல நடக்கிறது?" என்று கேட்டாள். ரோட்டுக்குப் போகுமுன் வீட்டுக்குள்ளேயே ரோட்டைப் பழகத்தான் அது என்று விளக்கினேன். பாதி நம்பினாள்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வரைவில் நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறாய். காட்சி, குரல், நிரல் எல்லாம் முடிந்த பிறகு நான்காவதில்தான் 'பயனர் சோதனை' வருகிறது. அப்படியென்றால் உன் தம்பி சின்னவனும், அவன் போகிற பி.டி.கே. என்கிற சமூக மறுவாழ்வு மையத்துக் கூட்டாளிகளும் கடைசியில் வந்து, செய்து முடித்ததை மாட்டிப் பார்த்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். அதற்குமேல் அவர்களுக்கு அதில் வேலை இல்லை. அவர்களை முதல் கட்டத்துக்குக் கொண்டுவா. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையே அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

தீபாவளிக்குக் கருவியைக் கொண்டுவந்து சின்னவனுக்கு மாட்டிவிட்டாயே, அப்போது நீ மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் அவன் சாமான் தட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணே" என்று கூப்பிட்டான். பதில் வராததால் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். பட்டியலில் இருக்கும் பால் டின்னை எடு என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அதை உன் நிரல் தவறு என்று எழுதிக்கொண்டது.

அவன் செய்தது தவறு இல்லையம்மா. நம்மூர் சாமான் கடையில் அவன் வாங்குகிற முறையே அதுதான். விலையை அவன் படிப்பதில்லை. கடைக்காரரைக் கூப்பிடுவான், வேண்டியதைச் சொல்வான், பத்து வெள்ளி நோட்டை நீட்டுவான், மிச்சத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். தெரியாததை ஆளிடம் கேட்டுச் செய்ய அவன் பல வருடம் பழகியிருக்கிறான். நீங்கள் கட்டிய கடையில் கேட்பதற்கு ஆளே இல்லை. எல்லாவற்றையும் தனியாகச் செய்தால்தான் தேர்ச்சி என்று சிங்கப்பூரில் உட்கார்ந்து யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். நானும் நீயும்கூட எந்த வரிசையில் மாவு இருக்கிறது என்று கடைப் பையனிடம் கேட்கிறவர்கள்தானே?

அவனுக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டுப் பார்த்தேன். சாமான் பட்டியல் இல்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து, தே ஓ ஐஸ் லிமாவ் என்கிற எலுமிச்சை ஐஸ் தேநீர் சொல்லி, குடித்து, காசு கொடுத்து, மிச்சம் சரியா என்று தானே பார்க்கவேண்டுமாம். அம்மா கூட வரக்கூடாதாம். இதைச் சொல்லும்போது அம்மா சமையல்கட்டில் இருந்தாள், அவனுக்கு அது தெரியும். மிச்சம் எண்ணுவதை நீயும் வரைவில் வைத்திருக்கிறாய், ஆனால் பதினைந்தாவது பாடமாக. தே ஓ ஐஸுக்குப் பிறகு என்றால் அவன் முதல் நாளே உட்காருவான்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நீ இணைத்து அனுப்பிய கட்டுரைகளிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 1990-களில் ஒரு மெய்நிகர் நகரம் செய்தார்கள். வீடு, சூப்பர்மார்க்கெட், கஃபே, இவற்றுக்கு இடையே போக பஸ். தலையில் மாட்டுவது எதுவும் கிடையாது, மேசைக் கணினித் திரைதான். அதில் எதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது என்பதைக் கற்றல் குறைபாடு உள்ளவர்களே இருந்த குழுவைக் கலந்துதான் முடிவு செய்தார்கள். அதே ஊர் ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்டது இன்னொன்று. திரைக் கடையில் பழகிய மாணவர்களை நிஜக் கடைக்கு அழைத்துப் போனார்கள். வேறு காட்சிகளில் பழகியிருந்த மாணவர்களைவிட இவர்கள் வேகமாகவும் பிழை குறைவாகவும் சாமான் எடுத்தார்கள். அந்தக் காலத்து மங்கலான படத்தை வைத்துக்கொண்டே! உன் கருவியில் இலை அசைவதுகூடத் தெரிகிறது, கடைக்காரரைத்தான் காணோம்.

நீ வந்து கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்றும் நினைத்துவிடாதே. எனக்குக் கவலையே அங்கேதான். 1981-இல் அமெரிக்காவில் ஸீகல்மன் குழுவினர் இதை எடுத்துக் காட்டினார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களிடம் ஆமா, இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்டால் ஆமா என்பதே அதிகம் வருகிறது. அதே விஷயத்தைப் புரட்டிக் கேட்டாலும் ஆமாதான். இது அவர்களுக்கு மட்டுமே உள்ள குணம் என்று நான் நினைக்கவில்லை. என் அப்பா காலத்தில் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் நின்றவர்கள் கங்காணி எதைச் சொன்னாலும் "சரிங்க" என்றார்கள். தோட்ட நிர்வாகியான தொரை வந்து குறை உண்டா என்று கேட்டால் இல்லை என்றார்கள். லயத்து வீட்டுக்குத் திரும்பியபிறகுதான் நிஜப் பேச்சு வரும். பி.டி.கே. பிள்ளைகளுக்கும் வெளியூரிலிருந்து காடியில் வந்து இறங்குகிற எல்லாரும் தொரைதான்.

அதனால் பிடிச்சிருக்கா என்று கேட்கவே கேட்காதே. இரண்டு படத்தை வைத்து எது என்று கேள். அடுத்த நாள் இடம் மாற்றி வைத்துக் கேள், கைக்கு எட்டியதைத் தொட்டானா, நிஜமாகவே தேர்ந்தெடுத்தானா என்று அதில் தெரிந்துவிடும். பேச்சு வராத ஒரு பெண் அங்கே இருக்கிறாள். அவளுக்குப் படத்தைவிடப் பொருள் நல்லது. பெரிய அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கடை கட்டு, நிஜ டின்களை வை, அவர்களை நடக்கவிட்டு நீ ஓரமாக நில். எங்கே நிற்கிறார்கள், யாரைத் தேடுகிறார்கள், எதைக் கண்டு பின்வாங்குகிறார்கள் என்று எழுதிக்கொள். நிரல் எழுதுகிறவர்களையும் கூட்டி வா. உன் குறிப்பை அவர்கள் படிப்பதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றாகாது.

பஸ் காட்சிக்கும் இப்படித்தான். இங்கே பலகையில் நம்மூரின் புதுப் பேர், பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். சின்னவனுக்கு இன்னமும் இது பத்தாங் பெர்ஜுந்தைதான், ஏனென்றால் நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறினால் அட்டையைத் தட்டுவார்கள், அடுத்த நிறுத்தத்தின் பேர் திரையில் வரும். இவன் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகிற ரோட்டைக் கடந்து, கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தவேண்டும். உன் ஆட்களுக்குத் தெரியாததை இவன் கையைப் பிடித்துக் காட்டுவான்.

இனி கருவி. நீ பயன்படுத்துவது அரைக் கிலோ என்று பார்த்தேன். உனக்கு அது பாரமில்லை. சின்னவனைப் போல டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே மூட்டு தளர்வாக இருக்கும். பலருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. சின்னவனை நான் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் கேட்டுவிட்டேன், அவனுக்குத் தடையில்லை. மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் கேட்டு வரட்டும், அதற்குமுன் யார் தலையிலும் மாட்டாதே. வலிப்பு உள்ளவர்கள் யார் என்பதும் முன்கூட்டித் தெரியவேண்டும். மூக்குத்தண்டு தாழ்வாக இருப்பதால் கருவி அவனுக்கு வழுக்கி இறங்குகிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் அன்றைக்கு ஆடினான். நீ அதையும் கவனக்குறைவு என்று குறித்திருப்பாயோ என்னவோ. கண்ணாடி போட்டவர்கள் அங்கே பாதிப் பேருக்குமேல் இருக்கிறார்கள்.

தலையில் தொப்பிகூடப் போட விடாத ஆட்டிசப் பையன் ஒருவன் உண்டு. அவனை விட்டுவிட்டுச் செய்யாதே. நியூகாசல் பல்கலைக்கழகத்தார் ஆட்டிசப் பிள்ளைகளின் பயத்தைப் போக்க ஓர் அறையின் சுவர்களிலேயே காட்சியை விழவைத்தார்கள், மாட்டுவதற்கு எதுவும் இல்லை, மனநல நிபுணர் ஒருவர் பிள்ளையோடு கூடவே நின்றார். 2014-இல் வந்த ஆய்வில் ஒன்பது பையன்கள், எட்டுப் பேரால் தாங்கள் பயந்த சூழலைச் சமாளிக்க முடிந்தது, அதில் நான்கு பேருக்குப் பயமே போய்விட்டது. ஒன்பது பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் பி.டி.கே. சுவர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, புரொஜெக்டரும் உன்னிடம் இருக்கிறது.

நிறுத்தவேண்டும் என்றால் என்ன செய்வது என்பதை முதலில் பழக்கு. வாயால் போதும் என்று சொல்ல எல்லாருக்கும் வராது. கையைத் தூக்கினால் உடனே கழற்றவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. வேண்டுமென்றே தூக்கிப் பார்ப்பார்கள், நிஜமாகவே கழற்றுகிறாயா என்று. பத்துத் தடவை தூக்கினாலும் கழற்று. சம்மதத் தாளில் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. படம் போட்ட ஒரு தாளை அவர்களுக்கென்று தனியாகச் செய்து, அவர்களே முடிவு சொல்லட்டும்.

சில வருடத்துக்கு முன் ஒரு நிறுவனத்தார் இதேபோல் ஒரு கருவியோடு பி.டி.கே.க்கு வந்தார்கள். பிள்ளைகள் மாட்டினார்கள், படம் எடுத்தார்கள், ஆளுக்கொரு பை கொடுத்தார்கள், போனவர்கள் போனவர்கள்தான். அந்தக் கருவி என்ன ஆனது என்று சின்னவன் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், உன் மேலாளருக்குத் தேவைப்படும். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010-இல் ஏற்றது. அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே கலந்து, சேர்த்துக்கொண்டு செய்யவேண்டும் என்று அதன் நான்காம் விதியில் இருக்கிறது. அது அரசாங்கங்களுக்குச் சொன்னது, உங்கள் நிறுவனத்தை நேராகக் கட்டுப்படுத்தாது. நம் நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை 2008-இல் இயற்றியபோதும் மீறினால் தண்டனை என்று ஒன்றும் வைக்கவில்லை. ஆகையால் பயமுறுத்த அது உதவாது. இப்படிக் கேட்டுச் செய்தால் பின்னால் அழித்து எழுதுகிற செலவு மிச்சம் என்று சொல், அது காதில் ஏறும்.

காசு விஷயம் முக்கியம். வடிவமைப்பில் கூட உட்கார்கிறவர்களுக்குக் கூலி உண்டு என்று வரவு செலவில் எழுது. நெஸ்லே மிட்டாய்ப் பையும் டி-சட்டையும் கூலி இல்லை. உன் ஆலோசகர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறாய், இவர்களும் ஆலோசகர்கள்தான். பெரும்பாலோருக்கு பி.எஸ்.என். வங்கிக் கணக்கு இருக்கிறது. இந்தப் பணம் வந்தால் சமூகநல இலாகா மாதந்தோறும் தருகிற உதவித்தொகை குறையுமா என்று நான் கிளை அலுவலகத்தில் கேட்டு வைக்கிறேன், அதைத் தெரிந்துகொண்டுதான் பெற்றோர் தலையாட்டுவார்கள்.

இந்தக் கடிதத்தைச் சின்னவனுக்குப் படித்துக் காட்டினேன். மாமாக் கடைப் பகுதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பிறகு இரண்டு விஷயம் சேர்க்கச் சொன்னான். பஸ் ஓட்டுகிற அக்கா ஒருவர் இருக்கவேண்டுமாம், கத்தக்கூடாதாம். கருவியைப் போட்டதும் முதலில் வருகிற எழுத்தில் அவன் பேர் வரவேண்டுமாம், பெரிதாக. கூட்டாளிகள் பேரும் வரலாம், கொஞ்சம் சின்னதாக. அதை நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் வரும்போது கருவியைக் கொண்டுவர வேண்டாம். கேமராவும் பெரிய மார்க்கரும் போதும், அட்டைப்பெட்டியை நான் சாமான் கடையில் சொல்லி வைக்கிறேன். சனி ஞாயிறு பி.டி.கே. மூடியிருக்கும், வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு வா. காலையில் பசியாறும் நேரத்துக்கு முன்னே போனால்தான் எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கலாம். மேலாளர் என்ன சொன்னார் என்று இந்த வாரத்துக்குள் எழுது, பெற்றோரைக் கூப்பிட பி.டி.கே. மேற்பார்வையாளர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அப்பா