'சில துளிகள்' என்பது அளவல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நறுமண எண்ணெய்களைக் குளிக்கும் நீரிலும் இருமலுக்கும் பயன்படுத்துவது பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த குறிப்புகள் எல்லாமே 'சில துளிகள் விடவும்' என்றே முடிகின்றன. எந்த எண்ணெய், எதில் கலந்து, யாருக்கு என்ற விவரம் எதுவும் இல்லை. மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு எத்தனை மில்லிகிராம் என்பதை விட்டுவிட்டது போல இருக்கிறது. விடுபட்ட அளவுகளை இங்கே எழுதுகிறேன்.

யூகலிப்டஸ், லாவெண்டர், புதினா, டீ ட்ரீ (தேயிலை அல்ல, ஓர் ஆஸ்திரேலிய மரம்) எண்ணெய்கள் செடியை நீராவியில் வடித்து எடுக்கப்படுபவை. எலுமிச்சை இனத்து எண்ணெய்களைப் பெரும்பாலும் பழத்தோலிலிருந்து பிழிந்தெடுக்கிறார்கள். பெயரில் எண்ணெய் இருந்தாலும் இவற்றில் கொழுப்பு கிடையாது. எளிதில் ஆவியாகும் ரசாயனங்களின் அடர்ந்த கலவை இவை. அதனால் தோலில் தடவுவதற்கு முன் தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், ஜொஜோபா போன்ற ஓர் அடிப்படை எண்ணெயில் கலந்தே ஆகவேண்டும்.

பெரியவர்களுக்கு உடலில் தடவ 2 சதவீதம் போதும். அதாவது 30 மி.லி. அடிப்படை எண்ணெயில் 0.6 மி.லி. நறுமண எண்ணெய். முகத்துக்கு 0.5 முதல் 1 சதவீதம். 20 துளி 1 மி.லி. என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் 0.6 மி.லி. என்பது 12 துளி. ஆனால் பாட்டில் வாயின் அகலத்தையும் எண்ணெயின் கெட்டித்தன்மையையும் பொறுத்துத் துளி பெரிதாகும், சிறிதாகும். ஒரே பாட்டிலைச் சாய்க்கும் கோணம் மாறினாலும் மாறும். ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கலந்ததை முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் பாருங்கள். கலக்காத எண்ணெயைத் தடவி இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. ஒவ்வாமை அப்படித் தொடங்கக்கூடும். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு அதே பொருள் உள்ள சோப்பும் வாசனைத் திரவியமும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

குளிக்கும் நீரில் நேரடியாக விடச் சொல்லும் குறிப்பு தவறு. எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதந்து, உடலின் மென்மையான இடங்களில் அப்படியே ஒட்டி எரியும். உப்பில் கலந்து விட்டாலும் இதே கதைதான். உப்பு கரைந்துவிடும், எண்ணெய் மேலே வந்துவிடும். வாசனையில்லாத ஷாம்பு அல்லது திரவ சோப்பு 15 மி.லி.யில் 5 துளியைக் கலந்து, பிறகு நீரில் சேர்ப்பதே சரி. பட்டை, கிராம்பு, புதினா எண்ணெய்களை அப்படியும் சேர்க்க வேண்டாம்.

எல்லா எண்ணெயையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் பெரிய பிழை. வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெயில் சுமார் 98 சதவீதம் மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த பொருள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம், 325 மி.கி. மாத்திரைகளாக எண்ணினால் 20க்கும் மேல். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தோலில் தடவினாலும் ரத்தக்கசிவு அபாயம் கூடும். வலி நிவாரணத் தைலங்கள் பலவற்றில் இதே பொருள் இருக்கிறது என்பதால் அவற்றின் லேபிளையும் படிக்க வேண்டும். யூகலிப்டஸ் தைலம் சில மி.லி. வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். கற்பூரம் இன்னும் மோசம். ஒரு கிராமே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. புதினா, யூகலிப்டஸ், கற்பூரம் மூன்றையும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகில், முகத்தில், மார்பில் தடவவே கூடாது. மூச்சுப் பாதை இறுகி மூச்சு தடைப்படலாம். 'இருமலுக்கு இதமானது' என்று எழுதியவர் இந்த ஒரு வரியையாவது சேர்த்திருக்க வேண்டும்.

பிழிந்தெடுத்த பெர்கமாட் (ஆரஞ்சு இனத்துப் பழம்), லைம், லெமன் எண்ணெய்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கொப்பளிக்க வைக்கும். ஆறிய பிறகும் கருமை மாதக்கணக்கில் தங்கும். பெர்கமாட்டுக்குத் தோலில் உச்ச அளவு 0.4 சதவீதம். அதற்கு மேல் தடவினால் 12 மணி நேரமாவது அந்த இடத்தில் வெயில் படக்கூடாது. நீராவியில் வடித்த லைமுக்கு இந்தக் குணம் இல்லை. அதனால் எப்படி எடுக்கப்பட்டது என்பதும் லேபிளில் இருக்க வேண்டும். தாவரவியல் பெயரும் வேண்டும். 'தெரப்யூட்டிக் கிரேடு' (மருத்துவத் தரம்) என்பது விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர்தான், அதற்கு அதிகாரபூர்வமான தரச்சான்று எதுவும் இல்லை.

பழைய எண்ணெய் புதியதைவிட ஆபத்தானது. காற்றுப் பட்டால் எண்ணெயிலுள்ள லிமோனீன், லினலூல் போன்ற மணப்பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோலை உறுத்தும் பொருள்களாகின்றன. எலுமிச்சை இனமும் டீ ட்ரீயும் சீக்கிரம் கெடும். அடர்நிறக் கண்ணாடி பாட்டிலில், மூடி இறுக்கி, குளிர்ந்த இடத்தில் வைத்து, திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ரப்பர் குமிழ் உள்ள துளிக்குழாயை மூடியாக வைக்காதீர்கள், ரப்பர் இளகிவிடும். கெட்டுப்போன ஆரஞ்சு எண்ணெய் ஸ்டிக்கர் பசையைத் துடைக்க நன்றாகவே உதவும்.

அறையில் மணம் பரப்பும் கருவியான டிஃப்யூசரில் 100 மி.லி. நீருக்கு 3 முதல் 5 துளி போதும். அரைமணி நேரம் ஓடவிட்டு அணையுங்கள், கதவு திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் தவிர்ப்பது நல்லது. பூனையின் கல்லீரல் இவற்றிலுள்ள பல பொருள்களைச் சரியாக வெளியேற்றாது; டீ ட்ரீ எண்ணெய் பூனை, நாய் இரண்டுக்குமே நஞ்சு.

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் விளைவு இன்னும் மோசமாகும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வலிப்பு சில நிமிடங்களிலேயே வரக்கூடும். கண்ணில் பட்டால் சுத்தமான நீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள். தோலில் பட்டால் சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள். எதுவானாலும் மருத்துவமனைக்குப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்