கீழ்வீட்டுக் கொம்புச் சத்தம்

பட்டர்வொர்த்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் ரொம்பக் கோபமாக இருந்தாய். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து கண்ணை மூடினால் கீழ்வீட்டுப் பெரியவர் கொம்பு ஊத ஆரம்பித்துவிடுகிறார், தைவானில், அந்தத் தைனான் ஊரிலேயே வேறு வீடு பார்க்கப் போகிறேன் என்றாய். தூக்கம் கெட்டால் உடம்பு கெடும் என்பது தெரியாதவன் இல்லை நான். ஆனால் போனை வைக்கும் முன் ஒன்று சொன்னாயே: "தலையில சிவப்புத் துணி, இடுப்புல பாவாடை. மகனுக்குச் சொல்லித் தர்றார் போலப்பா. அவன் தப்புத் தப்பா ஊதுறான், திரும்பத் திரும்ப." அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் தட்டினால் அடங்காது என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

உனக்கு நம் ஆப்பேக்கை, அந்தச் சீனப் பெரியவரை, நினைவிருக்கும். சந்து முனை வீட்டில் இருந்த சாய்கோங், அதாவது தாவோ மதப் பூசாரி. நான் வயர்மேன் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு வருஷமும் ஒன்பது பேரரசர் விழாவுக்குச் சீனக் கோயிலில் விளக்குக் கட்டப் போவேனே, அப்போது பழக்கம். ஏணியில் நான் நிற்க, கீழே நின்று ஒயரை நீட்டித் தருவார். எனக்கு ஹோக்கியென் நன்றாக வந்ததே அவரால்தான். உன் கீழ்வீட்டுக்காரரையும் அந்த ஊர்க்காரர்கள் சாய்கோங் என்றுதான் சொல்வார்கள். பினாங்கு ஹோக்கியெனும் தைவான் ஹோக்கியெனும் சீனத்தின் ஒரே ஃபூஜியன் கடற்கரையிலிருந்து கப்பலேறிய பேச்சு. வார்த்தையோடு தொழிலும் கப்பலேறி வந்தது.

சிவப்புத் துணி கட்டினால் அவர் 'செந்தலை'. 'கருந்தலை' என்று இன்னொரு வகை உண்டு. உன் தைனான் பக்கம் கருந்தலைக்காரர்கள்தான் பெரிய கோயில் சடங்கும் செய்வார்கள், சாவு வீட்டுச் சடங்கும் செய்வார்கள். செந்தலைக்காரர் சாவு வீட்டுக்குப் போகமாட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பிள்ளை தங்கவில்லை, வீட்டில் ஏதோ சரியில்லை என்று உயிரோடு இருப்பவர்கள் வந்தால் அவர்களுக்கு மட்டும்தான். ஆம்பிளை ஏன் பாவாடை கட்டுகிறார் என்று சிரித்தாய். அது ஒரு பெண்ணின் உடை, அம்மா. செந்தலைக்காரர்களின் வழிக்கு லூஷான் மரபு என்று பெயர். அந்தப் பெண் சென் ஜிங்கு.

ஆப்பேக் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். தாங் அரச காலத்தில் ஃபூஜியனில் பிறந்த பெண். லூஷான் என்ற மலைக்குப் போய் ஷூ சுன் என்ற ஆசானிடம் வித்தை கற்றாள். பிள்ளைப்பேறு காக்கும் வித்தை ஒன்றை மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். விடைபெற்றுப் போகும்போது 24 அடி நடந்து திரும்பிப் பார்த்தாள். ஆசானுக்கு மனசு கலங்கியது. 24 வயதில் உனக்கு ஆபத்து என்றார். அந்த வயதில் அவள் கர்ப்பிணி. ஊரில் பெரும் பஞ்சம், மழை இல்லை. வயிற்றுப் பிள்ளையை மந்திரத்தால் வெளியே எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, ஆற்றின் மேல் பாய் விரித்து மழைக்காக ஆடினாள். மழை வந்தது. ஒளித்து வைத்த பிள்ளையை எதிரிகள் கண்டுபிடித்து அழித்தார்கள், அவளும் இறந்தாள். எந்த வித்தையை வேண்டாம் என்றாளோ அதையே கையில் எடுத்து, இனிப் பிரசவத்தில் தவிக்கும் எந்தப் பெண்ணையும் விடமாட்டேன் என்று சபதம் செய்தாள். இதைச் சொல்லும்போது ஆப்பேக் குரல் இறங்கிவிடும். நீ பிறந்த அன்று உன் அம்மா 19 மணி நேரம் வலியில் இருந்தாள். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனபோது பீடத்தில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவளுடைய மூலக் கோயில் ஃபூஜியனின் குத்தியென் வட்டாரத்தில் இருக்கிறது. தைனானிலும் ஒன்று உண்டு, கோக்சிங்கா என்ற பழைய தளபதியின் கோயிலுக்குப் பக்கத்திலேயே. லீவு நாளில் போய்ப் பார். பிறக்கப்போகும் ஒவ்வொரு பிள்ளையும் அவள் தோட்டத்தில் ஒரு பூ, வெள்ளைப் பூ மகன், சிவப்புப் பூ மகள் என்பது நம்பிக்கை. அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் உன் கீழ்வீட்டுக்காரருக்கு. சடங்கில் அவர் அவளாகவே நிற்கிறார், அதனால்தான் பாவாடை.

படித்தவர்கள் பலர் இதைத் தாவோ என்றே ஒப்புவதில்லை. தாவோ என்றால் லாவோசி என்ற பழைய ஞானி, மலை உச்சி, வெள்ளைத் தாடி என்று நினைப்பு. மலைத் துறவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுவான்ஜென் மரபு பெரிய மரபு. 12ஆம் நூற்றாண்டில் வாங் சோங்யாங் தொடங்கினார். ஏழு சீடர்கள், அதில் ஒருவர் சுன் பூஅர் என்ற பெண், அவர் பெயரிலும் ஒரு கிளை உண்டு. இன்னொரு சீடர் சியூ சூஜி முதுமையில் மத்திய ஆசியா வரை நடையும் வண்டியுமாகப் போய் 1222-இல் செங்கிஸ் கானைச் சந்தித்தவர். அவர் கிளையான லுங்மென்தான் இன்று துறவிகளில் பெரும்பான்மை. அவர்களிடம் நூறு எழுத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதில் ஒரு எழுத்து, வரிசைப்படி. புதுத் துறவியின் பெயரில் அந்த எழுத்து வந்துவிடும். பெயரைக் கேட்டாலே இவர் எத்தனையாவது தலைமுறை என்று தெரிந்துவிடும். பாட்டின் முதல் எழுத்து 'தாவ்', இரண்டாவது 'தே'. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் சாய்கோங்மார்கள் வேறு வழி. கல்யாணம், பிள்ளைகுட்டி, வீட்டு முன்னறையில் பீடம், அப்பனிடமிருந்து மகனுக்கு. கருந்தலைக்காரர்கள் கி.பி. 142-இல் சிச்சுவானில் ஜாங் தாவ்லிங் தொடங்கிய வான ஆசான் மரபைச் சொல்லிக்கொள்பவர்கள். அந்தப் பட்டமே குடும்பச் சொத்து மாதிரி இறங்கியது. ஜியாங்ஷி மாநிலத்து லோங்ஹு மலையிலிருந்த 63ஆம் ஆசான் 1949-இல் தைவானுக்கு வந்துவிட்டார். 2008-இல் 64ஆம் ஆசான் மறைந்த பிறகு அடுத்தவர் யார் என்பதில் சர்ச்சை எழுந்தது. உச்சியில் இவ்வளவு குழப்பம் இருந்தும், தைனான் சந்துகளில் பூசை ஒருநாள்கூட நிற்கவில்லை பார்.

1960களில் ஸ்கிப்பர் என்ற டச்சு அறிஞர் தைனானுக்கு வந்து இந்தக் குடும்பங்களிடம் படித்தார். 1968-இல் முறைப்படி தீட்சையும் பெற்றார். 1445-இல் மிங் அரசர்கள் அச்சிட்ட 5,305 பாகத் தாவோ திரட்டு நூலகங்களில் புழுதியாய்க் கிடந்தபோது, அதிலுள்ள சடங்குகளை வீட்டுச் சாய்கோங்மார்கள் ஓதிக்கொண்டிருந்ததை அவர் உலகத்துக்குச் சொன்னார். அதே காலத்தில் சீனத்தில் கலாசாரப் புரட்சி. கோயிலை உடைத்தார்கள், ஏடுகளைக் கொளுத்தினார்கள். பெய்ஜிங் வெண்மேகக் கோயிலில் துறவிகளுக்கு மறுபடி தீட்சை கொடுக்க 1989 ஆனது. சீனத்து வீட்டுப் பூசாரிகளுக்கு லோங்ஹு மலையில் 1995 ஆனது. கிராமங்களில் சடங்கு மீண்டு வந்தது எதனால் தெரியுமா? சில கிழவர்கள் ஏடுகளை ஒளித்து வைத்திருந்தார்கள், சிலர் நெஞ்சில் வைத்திருந்தார்கள். ஒளித்து வைக்க ஆள் இல்லாத மரபுகள் போயே போய்விட்டன. சுவான்ஜென்னோடு கூடவே பிறந்த தாய்யி என்ற மரபு அதற்கும் முன்பே, மங்கோலிய யுவான் அரசோடு மறைந்துபோனது. இன்று பெயர் மட்டும்தான்.

யாவ் மக்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தென்சீன மலைகள், வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து என்று பரவியவர்கள். சீன எழுத்தில் எழுதிய தாவோ ஏடுகளைத் தங்கள் நாவுக்கேற்ற ஒலியில் ஓதுவார்கள். ஆண்பிள்ளைக்குத் தீட்சை என்றால் அவனை உட்காரவைத்து விளக்குகள் ஏற்றுவார்கள், முதலில் மூன்று, பிறகு ஏழு, பிறகு பன்னிரண்டு. 1975-க்குப் பிறகு லாவோஸிலிருந்து ஓடி, அகதி முகாம்களில் கிடந்து, கலிபோர்னியா போய்ச் சேர்ந்தவர்கள் அங்கேயும் சாமிப் படச் சுருள்களை மாட்டி இதைச் செய்கிறார்கள். ஆனால் மியூனிக் நகரத்து நூலகம் ஒன்றில் மட்டும் 2,700-க்கும் மேற்பட்ட யாவ் ஏடுகள் இருக்கின்றன என்று படித்தபோது எனக்கு வயிறு என்னவோ செய்தது. பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அத்தனை வீடுகளில் அத்தனை அப்பன்மார்கள் யாருக்கோ கொடுக்க வைத்திருந்தவை அவை.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு, நீ சின்ன வயதில் பார்த்ததுதான். ஒன்பது பேரரசர்களின் தாய் தோவ்மு. பல கைகள், ஒரு கையில் சூரியன், ஒரு கையில் சந்திரன். நம் வீட்டில் அம்மா கொலு வைத்திருப்பாள், அங்கே பெரும்பாலும் அதே ஒன்பது நாள் நான் மூங்கில் கம்பத்தில் ஒன்பது விளக்கு ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆப்பேக் ஓதும் ஒரு மந்திரம் 'ஓம்' என்று தொடங்கி 'ஸோபோஹோ' என்று முடியும். பல வருஷம் கேட்டும் எனக்குப் புரியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, அது 'ஸ்வாஹா'. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன மரீசி தேவி தோவ்முவோடு ஒன்றாகிவிட்டாள். லுங்மென் மரபுக்குள்ளேயே 'இந்திய இதயக் கிளை' என்று ஒன்று இருந்தது. யுன்னான் மாநிலத்து ஜிசு மலையில் வாழ்ந்த ஓர் இந்தியச் சித்தர் 17ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங் போய், லுங்மென் தலைவரிடம் தீட்சை வாங்கிக்கொண்டு தோவ்மு மந்திரங்களைக் கைம்மாறாகக் கொடுத்தார் என்பது வரலாறு மாதிரி சொல்லப்படும் கதை. எழுதி வைத்த மின் யிதே அந்தச் சித்தரை 1790-இல் தானே பார்த்ததாகவும் சொல்கிறார். வயதைக் கூட்டிப் பார்த்தால் நம்புகிற மாதிரி இல்லை. ஆனாலும் நான் அதை விடமாட்டேன். வயது பொய்யாக இருக்கலாம், ஸ்வாஹா பொய் இல்லையே.

இப்போது நான் உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரியும்.

நீ மூன்றாம் படிவம் படித்தபோது ஆப்பேக் இறந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். யாரும் தொழிலுக்கு வரவில்லை, அதைக் குற்றம் சொல்ல நான் யார், நானும்தான் உன்னை வயரிங் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. வீடு விலை போனது. சாமான் ஏற்ற லோரி வந்த அன்று நான் எதிர்வீட்டில் ஃபியூஸ் பாக்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய கறுப்பு மரப்பெட்டியைத் தூக்கி வந்து அப்படியே கவிழ்த்தார்கள். நூல் தைத்த ஏடுகள், எல்லாம் அவர் கைப்பட எழுதியவை. சீடன் தானே பார்த்து எழுதியதுதான் அவனுக்குச் சேரும் என்பது அவர் குருவின் கட்டளை. ராத்திரி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு தூரிகையால் எழுதுவார், ஒரு எழுத்து தப்பினால் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதுவார். அவ்வளவும் மெத்தை, சட்டிப்பானையோடு லோரியில். "வேண்டாம், நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் ஸ்குரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளி ஆள், அடுத்த வீட்டு விஷயம் என்று ஒரு கூச்சம். லோரி கிளம்பிய பிறகு வாசலில் ஒன்று விழுந்து கிடந்தது. உள்ளங்கை அளவு. அதை மட்டும் எடுத்து வந்தேன்.

பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. பிற்பாடு படித்ததில் ஒன்று தெரிந்தது. சபையில் ஓதுகிற ஏடுகள் பெரிதாக இருக்கும், அவற்றைக் கேட்டால் காட்டுவார்கள். விரல்களை எப்படி மடக்க வேண்டும், மனசுக்குள் எதை உச்சரிக்க வேண்டும் என்பதெல்லாம் தனியாகச் சின்ன ஏட்டில் எழுதி, வாரிசு ஒருவனிடம் மட்டும் கொடுப்பார்களாம். இது அதுவா, வெறும் வரவுசெலவுக் கணக்கா, எனக்குச் சொல்ல ஆளில்லை.

உன் பெரியப்பா மகன் அடுத்த மாதம் தைப்பேய் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவின் பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றியிருக்கிறது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பூச்சி அரித்த பக்கங்கள் இருக்கின்றன, நீ புரட்டாதே. கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போ. ஆரஞ்சு எப்போதும் நல்லது. நாலு பழம் வேண்டாம், அவர்களுக்கு நாலு ஆகாது. முதலில் 'ஸ்லீப்' பற்றிப் பேசிவிடாதே. பினாங்குச் சாய்கோங் ஒருவருடையது, என் அப்பா காப்பாற்றி வைத்திருந்தார் என்று சொல்லி இரண்டு கையாலும் கொடு. திறக்கலாமா கூடாதா என்று அவர் சொல்லட்டும். திறக்கக்கூடாது என்றால் அவர் பீடத்திலேயே இருக்கட்டும், எனக்கு விவரம்கூட வேண்டாம்.

காதில் வைத்துக்கொள்ள மெழுகு அடைப்பான் ஒரு டப்பாவும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் வேலைத்தளத்தில் போடுவது, நல்ல சரக்கு. வீடு மாற்றுவதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பையன் ஊதுவது கொஞ்சம் தேறியிருக்கிறதா என்று அடுத்த முறை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா